முதுமை வீழ்ச்சியும் மீட்சியும்

முதுமை வீழ்ச்சி என்பது 60 அல்லது அதற்கு மேற்பட்ட அகவையினர், தம்மையறியாமல் தரையிலோ தாழ்வான வேறொரு தளத்திலோ விழுந்துவிடுவதைக் குறிக்கும். இவ்வகை வீழ்ச்சிகளுள் பெரும் பங்கு வீட்டிற்குள்ளும் வீட்டை ஒட்டிய இடங்களிலும் நிகழ்கின்றது. குளியலறை, வாசற்படி, படுக்கையறையிலிருந்து கழிவறைக்குச் செல்லும் வழி ஆகியன வழக்கமான இடங்களாகும்.

வீழ்ச்சியால் ஏற்படும் காயம் ஒரு நொடியில் நேர்வது. அதன் விளைவுகளோ அடுத்து வரும் மணிநேரங்களிலும் கிழமைகளிலும் தீர்மானிக்கப்படுகின்றன. எலும்பு முறிவைக் காட்டிலும் அதைத் தொடரும் நீண்ட படுக்கை வாழ்வே பல முதியோரை நடமாட்டம் அற்றவர்களாக்குகிறது. ஆகவே மீட்சி என்பது எலும்பு கூடுவது மட்டுமன்று. விழுவதற்கு முன் செய்து வந்த செயல்களை மீண்டும் தாமே செய்யும் நிலையை அடைவதாகும்.

பரவல்

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் வீழ்ச்சியால் இறக்கின்றனர். எதிர்பாராக் காயங்களால் நேரும் இறப்புகளுள் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் வீழ்ச்சிக்கு உரியது. 65 அகவையைக் கடந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகின்றனர். அகவை கூடக்கூட இவ்விகிதமும் கூடுகிறது.

இந்திய மாநிலங்களுள் முதியோர் விகிதம் மிகுந்தவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 அல்லது அதற்கு மேற்பட்ட அகவையினராக இருந்தனர். அப்போது இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு ஆகும். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலோ வெளிநாடுகளிலோ பணிபுரிய, பெற்றோர் மட்டும் சொந்த ஊரில் வாழும் குடும்பங்கள் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் (ஸ்ரீரங்கம்) பல உள்ளன. அத்தகைய வீடுகளில், விழுந்தவரைக் கண்டு உதவிக்கு ஆள் வரும் வரை கழியும் நேரமே முதல் இடராகிறது.

திருவரங்க வீடுகளும் வீழ்ச்சியும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கம், 1994 இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. அரங்கநாதசுவாமி கோயிலின் ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகளில் குடியிருப்புகளும் கடைகளும் அமைந்துள்ளன. சித்திரை வீதிகள், உத்திர வீதிகள் ஆகியவற்றில் உள்ள பழைய வீடுகள் நீண்டு ஒடுங்கியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக அமையும் இவ்வீடுகளில் அறைக்கு அறை தரைமட்டம் மாறுபடும். நிலைப்படியைக் கடந்தே ஒவ்வொரு பகுதிக்கும் செல்ல வேண்டும். மழைநீர் விழும் முற்றம் கூடத்தைவிடத் தாழ்ந்திருக்கும். கழிவறையும் கிணற்றடியும் கொல்லைக் கோடியில் இருப்பதால், இரவில் எழும் முதியவர் வீட்டின் முழு நீளத்தையும் கடக்க நேரிடும்.

வாழ்க்கை முறையிலும் சில இடர்கள் உள்ளன. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவதால் வாசற்படி ஈரமாக இருக்கும். மடி ஆசாரம் காக்கும் இல்லங்களில், உத்தரத்தை ஒட்டி உயரக் கட்டிய கொடியில் துணியை உலர்த்திக் கோலால் எடுக்கும் வழக்கம் உண்டு. அண்ணாந்து பார்த்தபடி கையை உயர்த்தும் இச்செயல் முதியோரின் சமநிலையைக் குலைக்கவல்லது. பண்டிகைக் காலங்களில் பரணில் உள்ள பாத்திரங்களையும் கொலுப் பொம்மைகளையும் எடுக்க முக்காலி மீது ஏறுவதும் இத்தகையதே.

ஏகாதசி நோன்பு தனியே குறிப்பிடத்தக்கது. நீரிழிவுக்காக இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர், உணவின்றி அதே அளவு மருந்தை உட்கொண்டால் குருதியில் சர்க்கரை அளவு ஆபத்தான அளவிற்குத் தாழக்கூடும். குருதி அழுத்த மருந்து உண்பவர் போதிய நீர் அருந்தாதபோது, எழுந்து நிற்கையில் அழுத்தம் சரிந்து தலைச்சுற்றல் ஏற்படலாம். கோடை வெப்பம் கடுமையான திருச்சியில் இவ்விடர் மேலும் மிகும். நோன்பு நாட்களுக்கான மருந்து அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு அறிவது இதனைத் தவிர்க்கும் வழியாகும்.

பழைய வீடுகளை இடித்துக் கட்டப்பட்ட அடுக்ககங்களில் நிலைப்படிகளும் முற்றமும் இல்லை. எனினும் வழவழப்பான தரை ஓடுகளும் எப்போதும் ஈரமான சிறிய குளியலறையும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த முற்படுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். முதலில் அவர் நினைவுடன் இருக்கிறாரா, எங்கு வலிக்கிறது, கை கால்களை அசைக்க முடிகிறதா என அறிதல் வேண்டும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவும் பாதம் வெளிப்புறம் திரும்பியும் காணப்பட்டால், அது இடுப்பெலும்பு முறிவின் அடையாளமாகும். அந்நிலையில் காலை இழுப்பதோ எண்ணெய் தேய்த்து நீவுவதோ கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவு கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அவர் இருக்கும் இடத்திலேயே போர்வை போர்த்தி, 108 அவசர ஊர்தியை அழைப்பது தக்கது. இச்சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

தலையில் அடிபட்டவர் குருதி உறையாமைக்கான மருந்து உட்கொள்பவராயின், வெளிக்காயம் இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மூளை உறைக்கு அடியில் மெல்லக் கசியும் குருதி, சில நாட்களுக்கோ கிழமைகளுக்கோ பின்னரே குழப்பம், தூக்கம், நடை தடுமாற்றம் ஆகியவற்றால் வெளிப்படலாம்.

காயம் ஏதுமில்லாதபோதும் முதியோர் பலரால் தாமே எழ முடிவதில்லை. நெடுநேரம் தரையில் கிடப்பதால் நீரிழப்பு, அழுத்தப் புண், தசை சிதைவதால் ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பு ஆகியன உண்டாகும். ஆகவே எழும் முறையை முன்னரே பழகுதல் நன்று. ஒருபுறமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து உறுதியான நாற்காலியை அடைய வேண்டும். பின்னர் நாற்காலியின் இருக்கையைப் பற்றிக்கொண்டு, வலுவான காலை முன்வைத்து மெல்ல எழுந்து அமர வேண்டும். எழ இயலாதவர் கைக்கெட்டும் துணியைப் போர்த்திக்கொண்டு, கை கால்களை இடையிடையே அசைத்தபடி, தட்டி ஒலியெழுப்பி உதவி கோரலாம். கைபேசியை மேசை மீது வைக்காமல் இடுப்பிலோ கழுத்திலோ வைத்துக்கொள்வது தனித்து வாழ்பவர்களுக்குப் பயன் தரும்.

எலும்பு முறிவுகள்

முதுமையில் எலும்பின் அடர்த்தி குறைவதை எலும்புப்புரை என்பர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. எலும்புப்புரை உள்ளவரின் எலும்பு, நின்ற உயரத்திலிருந்து விழுவதாலேயே முறியக்கூடும். மணிக்கட்டு, தோள், முதுகெலும்பு, இடுப்பு ஆகியவை முறிவு மிகுதியாக நேரும் இடங்களாகும். முதுகெலும்பு முறிவு பல வேளைகளில் வெறும் முதுகுவலி என்று கருதப்பட்டு அறியப்படாமலேயே போகிறது.

இவற்றுள் கடுமையானது இடுப்பெலும்பு முறிவு. வழக்கில் இவ்வாறு கூறப்பட்டாலும் முறிவது தொடையெலும்பின் மேற்பகுதியே. தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் அதன் தலைப்பகுதிக்குச் செல்லும் குருதி நாளங்கள் அறுபட்டு, தலை உயிரிழக்கக்கூடும். எனவே முதியோருக்கு அத்தலையை அகற்றி உலோகத் தலை பொருத்தும் அரை மூட்டு மாற்றமோ, முழு மூட்டு மாற்றமோ செய்யப்படுகிறது. கழுத்திற்குக் கீழே ஏற்படும் முறிவை உலோகத் தண்டாலோ தகடும் திருகும் கொண்டோ இணைப்பர். ஆழ்ந்த தசைகளுக்கு இடையில் உள்ள இவ்வெலும்பை வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டாலும் அசையாது நிறுத்த இயலாது. நாட்டுக் கட்டுக்காகச் செலவிடும் நாட்கள், அறுவை சிகிச்சைக்கு உகந்த காலத்தை இழக்கச் செய்கின்றன.

பல நாட்டு ஆய்வுகளின்படி, இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டிற்குள் இறக்கின்றனர். நுரையீரல் அழற்சி, குருதிக்கட்டி, இதய நோய் ஆகியவை இவ்விறப்புகளுக்கான காரணங்களுள் அடங்கும். இவற்றுள் பலவற்றுக்குப் படுக்கையே வழிவகுக்கிறது. அகவையைக் காரணம் காட்டி அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பது பாதுகாப்பானது என்ற எண்ணம் குடும்பங்களில் உண்டு. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு, அறுவை செய்யாது படுத்திருப்பதே அதிக இடர் கொண்டது.

மருத்துவமனையில் சேர்ந்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் அறுவை செய்வதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 2020 இல் இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடம் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் வெளியாயின. முறிவு கண்டறியப்பட்ட 6 மணி நேரத்திற்குள் அறுவை செய்வதை இலக்காகக் கொண்டபோது, இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும் மனக்குழப்பம் குறைந்தது. நோயாளிகள் விரைவில் எழுந்து நடந்தனர்.

படுக்கை ஓய்வு பற்றிய கருத்து மாற்றம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, முதியோருக்கு நீண்ட படுக்கை ஓய்வு அளிப்பதே மருத்துவம் எனக் கருதப்பட்டது. 1935 இல் இலண்டனின் மேற்கு மிடில்செக்சு மருத்துவமனையில், ஏழைகளுக்கான பழைய நோயகத்தின் பொறுப்பை ஏற்ற மருத்துவர் மார்சரி வாரன், பல ஆண்டுகளாகப் படுக்கையிலேயே கிடந்த முதியோர் பலரை முறையாகப் பரிசோதித்துப் பயிற்சி அளித்தார். அவர்களுள் பலர் மீண்டும் நடந்து வீடு திரும்பினர். முதுமை மருத்துவம் தனித்துறையாக வளர இது வழிவகுத்தது. 1947 இல் ரிச்சர்டு ஆசர் என்னும் மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் தீங்குகளை உறுப்பு உறுப்பாக விளக்கிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை பெயர் பெற்றது.

2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உடல்நலமுடைய முதியோர் சிலர் 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்யப்பட்டனர். அதற்குள் அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவிற்குத் தசையிழப்பு ஏற்பட்டது. நோயாளிகளுக்கு இழப்பு இன்னும் விரைவாக நேரக்கூடும்.

தமிழ்க் குடும்பங்களில் விழுந்த பெரியவரைப் படுக்க வைத்து, உணவை ஊட்டி, எழவே விடாது பார்த்துக்கொள்வது அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. மருத்துவ நோக்கில், அவரை எழுந்து அமரவும் தம் கையால் உண்ணவும் விடுவதே மேலான பணிவிடையாகும்.

மீட்சியின் படிநிலைகள்

அறுவை சிகிச்சை முறை, எலும்பின் உறுதி, பிற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து மீட்சிக் காலம் மாறுபடும். காலில் எவ்வளவு எடை தாங்கலாம் என்பதை அறுவை மருத்துவரே முடிவு செய்வார். பொதுவான படிநிலைகள் பின்வருமாறு.

முதல் நாட்கள்: இயன்றவரை அறுவைக்கு மறுநாளே படுக்கையை விட்டு நாற்காலியில் அமரச் செய்வர். இயன்முறை மருத்துவர் துணையுடன் நடைச்சட்டம் (வாக்கர்) பிடித்துச் சில அடிகள் நடக்கப் பழக்குவர். மூச்சுப் பயிற்சியும் கணுக்கால் அசைவும் தொடங்கும். வலி தணிந்தால்தான் நடக்க முடியும் என்பதால் வலி மருந்தை முறையாகத் தருவது இன்றியமையாதது.

இந்நாட்களில் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்படும். இடம், காலம் தெரியாமல் பேசுதல், இரவில் கலவரமடைதல், இல்லாதவற்றைக் காணுதல் ஆகியன இதன் அறிகுறிகளாகும். இது மனநோயோ பேய்க்கோளாறோ அன்று; பெரும்பாலும் தற்காலிகமானது. எனினும் தொற்று, நீரிழப்பு, மருந்து போன்ற காரணம் உள்ளதா என மருத்துவர் ஆராய வேண்டும். மூக்குக் கண்ணாடியையும் செவிப்பொறியையும் அணிவிப்பதும், பழகிய முகம் அருகிலிருந்து பேசுவதும், பகலில் வெளிச்சம் படச் செய்வதும் உதவும்.

முதல் ஆறு கிழமைகள்: வீடு திரும்பிய பின் ஒவ்வொரு நாளும் பல முறை சிறிது சிறிதாக நடத்தல் வேண்டும். கைத்தடிக்கு மாறும்போது அதனை அடிபட்ட காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது அடிபட்ட காலையும் முதலில் வைக்க வேண்டும். காலில் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், காயத்தில் சீழ் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுக வேண்டும்.

ஆறு கிழமைகளுக்குப் பின்: தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளும் சமநிலைப் பயிற்சிகளும் கூட்டப்படும். பலர் மூன்று முதல் ஆறு மாதங்களில் பெரும்பகுதி முன்னேற்றம் அடைகின்றனர். முன்னேற்றம் ஓராண்டு வரை தொடரலாம்.

உணவு: தசை மீள உருவாகப் புரதம் தேவை. உடல் எடையில் ஒரு கிலோகிராமிற்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை அல்லது சற்று மிகுதியாகப் புரதம் முதியோருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. இரசம் சாதம், கஞ்சி ஆகியவற்றை மட்டும் பத்திய உணவாகத் தருவதால் இத்தேவை நிறைவேறாது. பருப்பு, சுண்டல், பால், தயிர், பனீர், வழக்கமுள்ளோருக்கு முட்டை, மீன் ஆகியன சேர்க்கத்தக்கவை. சிறுநீரக நோயுள்ளோர் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

தரை வாழ்வும் மீட்சியும்

நாற்காலி வழக்கம் உள்ள நாடுகளில் எழுதப்பட்ட மீட்சி வழிமுறைகள் தமிழ் வாழ்க்கைக்கு முழுதும் பொருந்துவதில்லை. தரையில் சம்மணமிட்டு உண்ணுதல், குந்தி அமரும் கழிவறை, பாயில் படுத்தல், பூசையறையில் அமர்தல், விழுந்து சேவித்தல் ஆகியன இடுப்பு மூட்டை மிகுதியாக மடக்கும் செயல்கள். மூட்டு மாற்றம் செய்துகொண்டவர் இவ்வாறு மடக்கினால், குறிப்பாகத் தொடக்க மாதங்களில், பொருத்திய மூட்டு நழுவக்கூடும்.

ஆகவே உயரமான கட்டில், கைப்பிடியுள்ள நாற்காலி, மேற்கத்திய கழிவறை ஆகியவை தேவைப்படும். கொல்லைக் கழிவறை மட்டும் உள்ள வீடுகளில், இருக்கையில் துளையிட்ட கழிவு நாற்காலியைப் படுக்கையறையில் வைக்கலாம். நாற்காலியில் அமர்ந்தே பூசை செய்வதும், நின்றபடி கைகூப்பி வணங்குவதும் பலர் மேற்கொள்ளும் மாற்றங்களாகும். அன்றாட வழிபாட்டையும் சமையலையும் முற்றிலும் விலக்கிவிடும் முதியவர் விரைவில் சோர்வடைகிறார். அவற்றை மாற்றிய வடிவில் தொடர்பவருக்கு எழுந்து நடப்பதற்கு ஒரு காரணம் எஞ்சியிருக்கிறது.

விழுவது பற்றிய அச்சம்

உடல் தேறிய பின்னரும் மீண்டும் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் நீடிப்பதுண்டு. வீழ்ச்சிக்குப் பின், சுவரையும் பொருட்களையும் இறுகப் பற்றிக்கொண்டே நடந்த முதியோரின் நிலையை மர்பி, ஐசக்சு ஆகியோர் 1982 இல் வீழ்ச்சிக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு எனப் பதிவு செய்தனர். அச்சத்தால் நடை குறைகிறது. நடை குறைவதால் தசை நலிகிறது. தசை நலிவால் அடுத்த வீழ்ச்சிக்கான வாய்ப்பு கூடுகிறது. "பார்த்து, பார்த்து" என்று வீட்டார் ஓயாது எச்சரிப்பதும் இவ்வச்சத்தை வளர்க்கும். கூடத்தைச் சுற்றி, திண்ணை வரை, தெருமுனை வரை எனத் துணையுடன் தொலைவைப் படிப்படியாகக் கூட்டுவது இதற்கு ஏற்ற வழியாகும்.

மீண்டும் விழாமல் காத்தல்

ஒரு முறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு மிகுதி. எனவே மீட்சித் திட்டத்தில் பின்வருவன அடங்க வேண்டும்.

பயிற்சி: நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம், கால் வலுவையும் சமநிலையையும் வளர்க்கும் எளிய பயிற்சிகளைக் கிழமைக்கு மூன்று முறை வீட்டிலேயே செய்வதாகும். இதனால் வீழ்ச்சிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின.

எலும்பு மருத்துவம்: முறிவைச் சரிசெய்வதோடு நின்றுவிடாமல், எலும்புப்புரைக்கும் மருத்துவம் செய்ய வேண்டும். சுண்ணச்சத்து, உயிர்ச்சத்து டி ஆகியவற்றுடன் பிசுபாசுபோனேட்டு வகை மருந்துகள் பயன்படுத்தப்படுகின்றன.

மருந்துச் சீராய்வு: தூக்க மாத்திரைகள், குருதி அழுத்த மருந்துகள் முதலியவற்றின் தேவையையும் அளவையும் மறுபடி ஆராய வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது.

கண்: கண்புரை நீக்கமும் சரியான கண்ணாடியும் வீழ்ச்சியைக் குறைக்கும்.

வீடு: குளியலறையிலும் கழிவறையிலும் சுவர்க் கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவு விளக்கு, நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணக் கோடு, முற்றப் படியருகே பிடிகம்பி ஆகியன அதிகச் செலவில்லாதவை.

மருத்துவ வசதிகள்

திருச்சிராப்பள்ளியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து இயங்குகிறது. திருவரங்கத்திலும் அரசு மருத்துவமனை உள்ளது. 2021 ஆகத்து 5 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவு, குருதி அழுத்த மருந்துகளுடன் இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகின்றன. மருத்துவமனைக்குச் செல்ல இயலாதவர்கள் தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியே இதனைப் பெறலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 ஆகும்.

முதுமை மருத்துவத்தில் இந்தியாவின் முதல் பட்டமேற்படிப்பு 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. சென்னை கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

அறியப்பட்ட நிகழ்வுகள்

தெலங்கானாவின் முன்னாள் முதலமைச்சர் க. சந்திரசேகர ராவ் 2023 திசம்பர் 7 இரவு தம் பண்ணை வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவுற்றார். அப்போது அவருக்கு அகவை 69. மறுநாளே ஐதராபாத்தில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்யப்பட்டது. அதற்கு அடுத்த நாள் நடைச்சட்டத்துடன் நடக்கத் தொடங்கினார். 2024 பிப்ரவரி 1 அன்று கைத்தடியுடன் சட்டமன்றம் சென்று உறுப்பினராகப் பதவியேற்றார்.

தமிழ்நாட்டில் மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகப் பொதுச்செயலாளர் வைகோ, 80 அகவையில், 2024 மே மாதம் திருநெல்வேலியில் வீட்டில் தவறி விழுந்து தோள் எலும்பு முறிவுற்றார். சென்னையில் அவருக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது.

முதல் நிகழ்வில் முறிவுக்கும் அறுவைக்கும் இடையே ஒரு நாளும், அறுவைக்கும் முதல் நடைக்கும் இடையே ஒரு நாளுமே கழிந்தன. வசதி மிக்கவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் இக்கால ஒழுங்கு, எளிய குடும்பத்து முதியவருக்கும் அதே அளவு தேவையானது. விழுந்த அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், அறுவைக்குப் பின் நோயாளியை நாள்தோறும் எழுப்பி நடக்க வைப்பதும் வீட்டார் முயற்சியால் இயலக்கூடியவை.

இவற்றையும் பார்க்க

எலும்புப்புரை
இயன்முறை மருத்துவம்
முதுமை மருத்துவம்
முதலுதவி